ஓசூர் பக்கத்து வக்கீல்... கோர்ட்டை விட்டார், சட்டத்தை விடவில்லை! ராஜாஜியின் அதிகம் பேசப்படாத பக்கம்

ஓசூரில் இன்று ஒரு தொண்டு நிறுவனம் தொடங்க நினைப்பவர் முதலில் போய் நிற்கும் இடம் ஒரு வக்கீல் ஆபீஸ்தான். டிரஸ்டா, சொசைட்டியா, எது சரி? பத்திரத்தில் நோக்கம் என்று எதை எழுதுவது? பெங்களூரில் பதிவு செய்துவிட்டு ஓசூரில் வேலை செய்யலாமா? 12ஏ எப்போது கிடைக்கும், 80ஜி எப்போது கிடைக்கும்? சிப்காட் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் இந்தக் கேள்விகளைத் தாண்டித்தான் போக வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டப்படி, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ தொட்டுவிட்ட கம்பெனி, தன் முந்தைய 3 ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பேப்பர் சரியாக இல்லாத அமைப்புக்கு அந்தப் பணம் வராது. எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் வராது.

நல்ல மனசு மட்டும் போதாது, அதற்குச் சட்டத்தில் ஒரு கதவு வேண்டும் என்பதைத் தன் வாழ்க்கையில் திரும்பத் திரும்பச் சந்தித்த ஒரு வக்கீல் இதே ஊர்ப்பக்கத்துக்காரர். அவர் ராஜாஜி என்கிற சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி. முதலமைச்சர், கவர்னர் ஜெனரல், மூதறிஞர் என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அதிகம் பேசப்படாதது அவருக்குள் இருந்த வக்கீல்தான்.

தொரப்பள்ளியிலிருந்து சேலம் வரை

1878 டிசம்பர் 10-ல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தார். அன்று அது சேலம் மாவட்டம். 1965-ல் தருமபுரி மாவட்டமாகி, 2004-ல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வந்தது. அப்பா சக்கரவர்த்தி வெங்கடார்யா ஐயங்கார், கிராம முன்சீப். சின்னச் சின்ன வழக்குகளும் வரிக்கணக்கும் வந்து போகும் வீடு. அம்மா சிங்காரம்மா. வீட்டில் மூன்றாவது பையன்.

பள்ளிப் படிப்பு ஓசூரில். அதற்குமேல் படிக்க பெங்களூர் சென்ட்ரல் காலேஜ். எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இது புதுசா என்ன, இன்றைக்கும் ஓசூர் பிள்ளைகளுக்கு சென்னையைவிட பெங்களூர்தானே கைக்கெட்டும் தூரம். பிறகு மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் சட்டம். 1897-ல் அலமேலு மங்கம்மாவைத் திருமணம் செய்தார். 1900-ல் சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கியபோது வயது 21.

தொழில் நன்றாகவே போனது. கிரிமினல் கேஸ்களில் பெயர் எடுத்தார். 1911-ல் சேலம் நகராட்சி உறுப்பினர், 1917-ல் தலைவர். அந்த நகராட்சிக்கு முதல் தலித் உறுப்பினர் வரக் காரணமாக இருந்தவர் அவர்தான். டாக்டர் வரதராஜுலு நாயுடு மீது ராஜத்துரோக வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடினார். 1916-ல் அறிவியல் சொற்களைத் தமிழில் உருவாக்க நண்பர்களோடு ஒரு சங்கமே தொடங்கினார். இயற்பியல், வேதியியல் வார்த்தைகளுக்குத் தமிழ் தேடிய அந்தச் சங்கத்தை, அவர் கைப்பட்ட முதல் லாப நோக்கமற்ற அமைப்புகளில் ஒன்றாகச் சொல்லலாம். அதே 1916-ல் மனைவி இறந்துபோனார். 5 பிள்ளைகள். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

1919-ல் சேலத்தை விட்டு மெட்ராஸ் போனார். அந்த வருடம் மார்ச் மாதம் காந்தி அவர் வீட்டில் தங்கினார். ரௌலட் சட்டத்துக்கு எதிராக நாடு முழுக்க ஹர்த்தால் நடத்தலாம் என்ற யோசனை காந்திக்கு வந்தது அந்த வீட்டில்தான். அடுத்த வருடம் ஒத்துழையாமை இயக்கம். பிரிட்டிஷ் கோர்ட்டுகளைப் புறக்கணிக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. இருபது வருடம் கட்டிய தொழிலை ராஜாஜி அப்படியே விட்டார். கொஞ்ச நாளில் வேலூர் ஜெயில்.

மீண்டும் கோர்ட் படியேறிய நாள்

கதை இங்கேதான் சுவாரஸ்யம் ஆகிறது. 1920-களின் நடுவில், திருப்பதி பக்கத்தில் உள்ள திருச்சானூர் கோயிலுக்குள் ஒரு தலித் பக்தர் கும்பிடப் போய்விட்டார். கைது செய்தார்கள். கோயிலைத் தீட்டுப்படுத்திவிட்டார் என்று கேஸ். மாஜிஸ்திரேட் தண்டனையும் கொடுத்துவிட்டார்: 75 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஒரு மாதம் கடுங்காவல். ஒரு கூலிக்காரர் வாழ்க்கையில் அன்றைய 75 ரூபாய் என்ன தொகை என்று யோசித்துப் பாருங்கள்.

அப்பீல் சித்தூரில் வந்தது. ராஜாஜியிடம் போய்க் கேட்டார்கள். கோர்ட்டுக்குப் போவதில்லை என்று உறுதி எடுத்தவர் அவர். போனால் சொன்ன சொல் போகும். போகாவிட்டால் சாமி கும்பிட்ட ஒருவர் ஜெயிலுக்குப் போவார். அவர் போனார். வக்கீல் கவுன் இல்லை, உடம்பில் கதர்தான்.

வாதம் உணர்ச்சிகரமானது அல்ல, சுத்தமான சட்ட வாதம். இந்திய தண்டனைச் சட்டம் 295-வது பிரிவின்படி வழிபாட்டு இடத்தைத் தீட்டுப்படுத்தினால் மட்டும் குற்றம் ஆகாது. ஒரு மதத்தை அவமதிக்கும் நோக்கம் இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். தேங்காய் பழத்தோடு பக்தியாகப் போகிறவருக்கு அவமதிக்கும் நோக்கம் எங்கிருந்து வரும்? அரசுத் தரப்பால் அதைக் காட்ட முடியவில்லை. பக்தர் விடுதலையானார். ராஜாஜி கோர்ட்டுக்குப் போனதை காந்தியும் குறையாகப் பார்க்கவில்லை.

கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தத் தீர்ப்பு அவரை ஜெயிலிலிருந்துதான் காப்பாற்றியது. கோயிலுக்குள் போகும் உரிமையைக் கொடுக்கவில்லை. அதற்கு இன்னும் பதினைந்து வருடம் போல ஆனது.

புதுப்பாளையம் ஆசிரமம்

1925 பிப்ரவரி 6-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியது. உள்ளூர் ஜமீன்தார் இடம் கொடுத்தார். மெட்ராஸ் வக்கீலாக இருந்தவர் குடிசையில் வந்து தங்கினார். மழை பொய்த்துப்போன வறண்ட பூமி அது. ஆசிரமம் பஞ்சு கொடுக்கும், பெண்கள் வீட்டில் நூற்றுக் கொண்டு வருவார்கள், நூலுக்குக் கூலி கிடைக்கும், தறிக்காரருக்கு நெசவு வேலை கிடைக்கும். ஆசிரமத்தில் தலித்துகளும் ஒன்றாக வாழ்ந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அதனாலேயே சுற்றுவட்டாரத்தில் எதிர்ப்பும் இருந்தது.

கள்ளுக்கு எதிரான பிரசாரம் இன்னொரு பெரிய வேலை. அதற்காக விமோசனம் என்று ஒரு பத்திரிகை. அதைக் கவனிக்க வந்த இளைஞர்தான் பின்னாளில் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி.

சரி, இதில் சட்டத்துக்கு என்ன வேலை? நிறையவே இருக்கு.

நூல் நூற்கக் கூலி கொடுப்பது, துணியை விற்பது, வரும் பணத்தை மறுபடி பஞ்சு வாங்கப் போடுவது. வெளியிலிருந்து பார்த்தால் இது வியாபாரம். அப்படியென்றால் வருமான வரி கட்ட வேண்டுமா? இல்லை, ஏழைகளுக்கான தர்மம் என்று வரிவிலக்கு உண்டா? நாடு முழுக்க கதர் வேலையைப் பார்த்துக்கொள்ள காந்தி 1925-ல் உருவாக்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்துக்கு இந்தக் கேள்வி கேஸாகவே வந்தது. சங்கம் காங்கிரஸோடு ஒட்டிப் பிறந்தது, அரசியல் நோக்கம் உண்டு என்றது வரித்துறை. பம்பாய் ஹைகோர்ட்டில் சங்கம் தோற்றது. விஷயம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது.

1944-ல் பிரிவி கவுன்சில் சங்கத்தின் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஏழைகளுக்கு நிவாரணம் என்றால் இலவசமாகக் காசு கொடுப்பது மட்டும் அல்ல, வேலை கொடுத்துக் கூலி தருவதும் நிவாரணமே. காங்கிரஸிலிருந்து வந்த அமைப்பு என்பதாலேயே அதன் நோக்கம் அரசியல் ஆகிவிடாது. சுருக்கமாக இதுதான் தீர்ப்பின் சாரம். இந்தக் கேஸை ராஜாஜி வாதாடவில்லை. ஆனால் புதுப்பாளையத்தில் அவர் செய்தது அச்சு அசல் இந்த வேலையைத்தான். சுயஉதவிக் குழுப் பெண்கள் தைத்த பையை விற்கும் டிரஸ்டுகளுக்கு இன்றும் இதே கேள்விதான் வருகிறது: இது சேவையா, வியாபாரமா? வரிச் சட்டம் எத்தனையோ முறை மாறிவிட்டது. அந்தத் தீர்ப்பு மட்டும் வரி வக்கீல்களின் புத்தக அலமாரியை விட்டுப் போகவில்லை.

டிரஸ்டி நினைத்தாலும் முடியாது!

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். 1882 இந்திய டிரஸ்ட் சட்டம் என்று பெயர் அடிபடுகிறதே, அது தனியார் டிரஸ்டுகளுக்கானது. பொது தர்ம அறக்கட்டளைகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. பொது அறக்கட்டளை எப்படி நடக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலும் கோர்ட் தீர்ப்புகளே வகுத்தன. அதனால் ஒரு தீர்ப்பு தப்பாகப் போனால் தலைமுறைக்கே பூட்டு விழுந்துவிடும்.

கமுதி கோயில் கேஸில் நடந்தது அதுதான். 1897-ல் ராமநாதபுரம் பக்கம் கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்தார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலர் ராமநாதபுரம் ராஜா. அவர் பெயரில் நாடார்கள் மீது கேஸ். பாதி வழியில் ராஜா மனம் மாறி, நாடார்களை அனுமதித்துச் சமரசம் செய்துகொள்ள முன்வந்தார். கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. வழக்கத்துக்கு விரோதமாக அனுமதிக்க அறங்காவலருக்கே அதிகாரம் இல்லை, அப்படிச் செய்தால் அது நம்பிக்கைத் துரோகம் என்ற நிலை. 1908-ல் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. கோயிலைப் பார்த்துக்கொள்கிறவரே கதவைத் திறக்க நினைத்தாலும் சட்டம் பிடித்து இழுத்தது!

பூனா ஒப்பந்தத்துக்குப் பின் 1932, 33-ல் ராஜாஜி டெல்லியில் உட்கார்ந்து மத்திய சட்டசபை உறுப்பினர்களிடம் ஆலயப் பிரவேச மசோதாவுக்கு ஆதரவு கேட்டு அலைந்தது இதனால்தான். மனமாற்றப் பிரசாரம் மட்டும் போதும் என்றால் அவர் டெல்லிக்குப் போயிருக்கவே வேண்டாம். அந்த மசோதா தேறவில்லை.

1937 ஜூலையில் மெட்ராஸ் மாகாணப் பிரதமர் ஆனார். முதலமைச்சரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள். அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது, இந்தியாவிலேயே முதலாவதாக. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று சேலம் மாவட்டம் என்பதால் இங்கேயும் கடைகள் மூடின. எல்லை தாண்டினால் மைசூர் சமஸ்தானம், அங்கே இந்தச் சட்டம் செல்லாது. கள்ளுக்கடை வருமானம் போன இடத்தை நிரப்ப 1939-ல் பொது விற்பனை வரி கொண்டு வந்தார். அதுவும் நாட்டுக்கே முன்னோடி. பில் போடும்போதெல்லாம் நாம் கட்டும் வரிக்கு ஆசிரமத்துக் கள்ளு எதிர்ப்பு வரை ஒரு வேர் ஓடுகிறது.

கோயில் விஷயத்தில் மட்டும் அவர் மெதுவாகத்தான் போனார். இங்கே ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். 1938-ல் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் எம்.சி.ராஜா மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேச மசோதா கொண்டு வந்தார். ராஜாஜி அதை வாபஸ் வாங்கச் சொன்னார். காங்கிரஸ் உறுப்பினர்கள் எதிர்க்க, மசோதா தோற்றது. அரசு மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் செய்தது. படிப்படியாகப் போகலாம் என்பது ராஜாஜியின் கணக்கு. வாசலில் தலைமுறை தலைமுறையாக நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பட்டிருக்கும்? எம்.சி.ராஜா கசந்து விலகினார். அதில் நியாயம் இருந்தது.

கடைசியில் கதவைத் திறந்தது மதுரை. 1939 ஜூலை 8, மீனாட்சி அம்மன் கோயில். வக்கீல் ஏ.வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகள் 5 பேரும் நாடார் ஒருவரும் உள்ளே போய் வழிபட்டார்கள். பி.கக்கன் அவர்களில் ஒருவர். கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு தடுக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது எந்த வக்கீலுக்கும் தெரியும். கமுதி தீர்ப்பைக் காட்டி நிர்வாக அதிகாரி மீதும், உள்ளே போனவர்கள் மீதும் கேஸ் பாயும்.

ராஜாஜி அரசு உடனடியாக அவசரச் சட்டம் கொண்டு வந்தது. அதே ஆண்டு அது ஆலயப் பிரவேச அங்கீகாரம் மற்றும் பாதுகாப்புச் சட்டமாக நிறைவேறியது. பெயரிலேயே இரண்டு வேலை இருக்கிறது பாருங்கள். அங்கீகாரம் என்பது அறங்காவலர்கள் விரும்பினால், அரசின் ஒப்புதலோடு கோயிலைத் திறக்க அதிகாரம். பாதுகாப்பு என்பது ஏற்கனவே திறந்தவர்கள் மீது கேஸ் போட முடியாதபடி, முன்தேதியிட்ட கவசம். கமுதி கேஸ் பூட்டிய பூட்டுக்கு அளவெடுத்துச் செய்த சாவி அது. திருச்சானூரில் ஒரு ஆளைக் காப்பாற்றிய அதே வக்கீல் மூளை, இந்த முறை மாகாணம் முழுக்க இருந்த கோயில் அறங்காவலர்களின் பயத்தைத் தீர்த்தது. எல்லாக் கோயிலும் கட்டாயம் திறக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அது 1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் வந்தது.

அந்த வருட அக்டோபரில், உலகப் போரில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதை எதிர்த்து மற்ற மாகாண காங்கிரஸ் அரசுகளைப் போலவே ராஜாஜி அமைச்சரவையும் ராஜினாமா செய்தது.

பாராட்டும் கோபமும்

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த வரலாறு. 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி 26 வரை இந்தியாவின் கடைசி கவர்னர் ஜெனரல், அந்தப் பதவியில் இருந்த ஒரே இந்தியர். 1952-ல் மெட்ராஸ் முதலமைச்சர். 1954-ல் முதல் பாரத ரத்னாக்களில் ஒருவர். 1958-ல் சக்கரவர்த்தித் திருமகனுக்கு சாகித்ய அகாடமி விருது. 1959-ல் சுதந்திரா கட்சி.

கோபமும் குறைவில்லை. 1938 கட்டாய இந்தி, அதை எதிர்த்தவர்களைக் கடுமையான சட்டத்தில் சிறை வைத்தது. 1953-ல் பாதி நாள் பள்ளி, மீதி நாள் வீட்டுத் தொழில் என்ற கல்வித் திட்டம். குலக்கல்வி என்று பெயர் வாங்கிய அந்தத் திட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பில் 1954-ல் பதவி விலகினார். புதுப்பாளையத்தில் சாதி பார்க்காமல் ஒரே பந்தியில் உட்கார்ந்தவர், அப்பன் தொழிலைப் பிள்ளை கற்பதில் இருக்கும் சாதியை எப்படிக் கவனிக்காமல் விட்டார் என்ற கேள்வி இன்றும் நிற்கிறது.

1962-ல் இன்னொரு முறை லாப நோக்கமற்ற ஒரு அமைப்புக்காகக் கேஸ் பேசப் போனார். இந்த முறை போன இடம் வாஷிங்டன். அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லி, காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று அமெரிக்க அதிபர் கென்னடியைச் சந்தித்தார். வயது 83. அடுத்த ஆண்டு அமெரிக்கா, சோவியத், பிரிட்டன் மூன்றும் பகுதி அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதற்கு இவர் காரணம் என்று சொல்வது மிகை. போய்ப் பேசிய பல குரல்களில் தொரப்பள்ளிக் குரலும் ஒன்று, அவ்வளவுதான்.

1972 டிசம்பர் 25-ல் சென்னையில் காலமானார். பிறந்த வீடு தொரப்பள்ளியில் தமிழக அரசின் நினைவு இல்லமாக இருக்கிறது. புதுப்பாளையம் காந்தி ஆசிரமம் நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது, கதர் வேலை அங்கே இன்னும் நடக்கிறது.